பழுதான ஹார்ட் டிஸ்க்: யாரிடம் கொடுப்பது, பதிலுக்கு எதை வாங்குவது

ஹார்ட் டிஸ்க் நின்றுபோனதும் அதிலிருப்பதை எடுக்க முடியுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். புதிய டிஸ்க் வாங்கும் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசை மாற வேண்டும் என்பது என் கருத்து. பழுதான டிஸ்கிலிருந்து எடுப்பதெல்லாம் வேறொரு டிஸ்கில்தான் இறங்க வேண்டும். அந்த இரண்டாவது டிஸ்க் கையில் இல்லாமல் பழையதற்கு மின்சாரம் கொடுத்து, 'வருகிறதா, வரவில்லையா' என்று பார்ப்பது அதன் மிச்ச ஆயுளைச் செலவழிப்பதே ஆகும். ஆகவே மீட்பு, மாற்று என்ற இரண்டு தேர்வுகளையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

மும்பையில் மாட்டுங்கா, சயான், செம்பூர், தாராவிப் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் வருகிறது: கடைக்கணக்கு இருந்த டேலி கணினி, ஸ்டுடியோக்காரரின் கல்யாணப் படங்கள், ஊரிலிருந்து வந்த குடும்பப் படங்கள் சேர்ந்திருந்த பாக்கெட் டிஸ்க். மூன்றுக்கும் விலைமதிப்பு வேறு என்பதால் ஒரே தீர்வு மூன்றுக்கும் பொருந்தாது. டேலி கணக்கின் ஒரு பகுதி ஆடிட்டரிடம் இருக்கும், தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கும், வங்கி ஸ்டேட்மென்டை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பில் புத்தகம் பத்திரமாக இருந்தால் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து மீதியையும் ஏற்றிவிடலாம். கல்யாணப் படத்துக்கு அப்படி வழி கிடையாது. எனவே மீட்புக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று யோசிப்பதற்கு முன், வேறு எங்கிருந்து எதெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கழித்துவிட வேண்டும். மிஞ்சி நிற்பதற்குத்தான் விலை பேச வேண்டும்.

டிஸ்கின் நிலையே வழியைத் தீர்மானிக்கிறது

ஹார்ட் டிஸ்கின் உள்ளே இருக்கும் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் ஹெட் அவற்றின் மேல் படாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசுகூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், டிஸ்கின் மூடியைக் கடை மேசையிலேயே திறந்து காட்டுகிறேன் என்று சொல்பவரிடம் ஏன் கொடுக்கக் கூடாது என்பது விளங்கும்.

டிஸ்க் வழக்கம்போலச் சுழன்று, கணினியில் சரியான கொள்ளளவுடன் தெரிந்து, ஆனால் 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று விண்டோஸ் கேட்டால், அது பெரும்பாலும் கோப்பு அமைப்பின், அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டின், சிதைவு. இருப்பவற்றில் நல்ல நிலை இதுதான். ஆனால் இந்த நிலையில்தான் மக்கள் அதிகமாகக் கெடுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். செக் டிஸ்க் கட்டளையை ஓட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கட்டளையின் நோக்கம் கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவதே தவிர உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அல்ல, ஒழுங்குக்கு ஒத்துவராத பதிவுகளை அது வெட்டியும் எறியும். நகல் எடுப்பதற்கு முன் அதைத் தொடக் கூடாது.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறக்கவே பல நிமிடம் ஆகிறது, கணினி உறைந்து நிற்கிறது என்றால் தகட்டில் படிக்க முடியாத பகுதிகள் இருக்கலாம், ஹெட் தளர்ந்துகொண்டும் இருக்கலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்களைப் பார்த்தால் ஓரளவு தெரியும். எண் 5 என்பது மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (தகட்டில் தகவல் பதியும் சிறு கட்டங்களின்) கணக்கு. 197 சந்தேகத்தில் நிற்பவை. 198 படிக்கவே முடியாதவை. 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்கைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். ஸ்மார்ட் சுத்தமாக இருக்கிறது என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. கூகுள் நிறுவனத்தினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதானவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவீடுகளில் எந்த அறிகுறியும் காட்டாமலே போனவை என்று பதிவு செய்திருக்கிறார்கள்.

எந்தச் சத்தமும் இல்லாமல் டிஸ்க் கிடந்தால் முதல் சந்தேகம், டிஸ்கின் வெளிப்புறத்தில் திருகியிருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டின் மேல் விழ வேண்டும். பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்குகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். வீட்டில் கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரின் பின் அதில் பொருந்திவிட்டால், போர்டில் காவலுக்கு இருக்கும் சிறிய டையோடு தன்னைப் பலிகொடுத்து ஷார்ட் ஆகிவிடும். அது மட்டும்தான் போயிருந்தால், விவரம் தெரிந்தவர் அதைக் கழற்றியவுடன் டிஸ்க் சுழலத் தொடங்கும். அதன் பிறகு காவல் இல்லை என்பதால் நல்ல மின்சாரத்தில் நகலெடுக்க மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

டக் டக் என்று சீராகத் தட்டினாலோ, சுழலாமல் முனகினாலோ அது ஹெட் அல்லது மோட்டார் பழுது. அந்த நிமிடமே இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். வீட்டிலோ சாதாரணக் கடையிலோ இதற்குச் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

மீட்கும் வழிகளுள் எது

முதல் இரண்டு நிலைகளுக்குச் சொந்தமாக முயல்வது தகும், ஒரு நிபந்தனையோடு: பழைய டிஸ்கில் நேரடியாக எந்த மீட்பு மென்பொருளையும் ஓட்டக் கூடாது. முழு டிஸ்கையும் செக்டர் செக்டராகப் புதியதற்கு நகலெடுத்துவிட்டு, அந்த நகலில்தான் தேட வேண்டும். இதற்கு லினக்ஸில் கிடைக்கும் குனு டிடி ரெஸ்க்யூ என்ற இலவசக் கருவிக்கு நிகரான இலவசக் கருவி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது முதல் சுற்றில் எளிதாகப் படிக்கக் கிடைப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைத் தாண்டிப்போய்விடும். பிறகு திரும்பி வந்து அவற்றைச் சிறிது சிறிதாகக் கொறிக்கும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாதாரண காப்பி-பேஸ்ட் இதற்கு நேர்மாறானது. ஒரு கெட்ட கோப்பில் மோதி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், அதற்குள் ஹெட் ஓய்ந்துவிடும்.

நல்ல டிஸ்க் ஒன்று நொடிக்கு 100 எம்.பி. வீதம் கொடுத்தால் 1 டி.பி.க்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க் நாள்கணக்கில் இழுக்கலாம். முடிந்தவரை யூ.எஸ்.பி. கேசிங்கை விட்டு மதர்போர்டின் சாட்டா போர்ட்டிலேயே மாட்ட வேண்டும்; கெட்ட செக்டர் வந்தால் யூ.எஸ்.பி. இணைப்புச் சில்லு அடிக்கடி தொங்கிவிடும். நகல் கைக்கு வந்தபின் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் மூலம், தொலைந்த பார்ட்டிஷனை (சி, டி என்று தெரியும் டிஸ்க் பிரிவை) தேடலாம். கோப்பு அமைப்பே போயிருந்தால் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் படங்களைத் தனித்தனியாகத் தோண்டி எடுக்கும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் மிஞ்சாது. ஸ்டுடியோக்காரருக்கு அது பெரிய குறையல்ல, படத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார். பல ஆண்டு டேலி ஃபோல்டர்கள் இருந்தவருக்கு அது பயன்படாது.

இரண்டாவது வழி, மும்பையில் கணினிக் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்ற அதிகாரப்பூர்வப் பெயரை அங்கே யாரும் வழிகேட்கப் பயன்படுத்துவதில்லை. சயானிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ போகிறவர்கள் தாதரில் மாறி கிராண்ட் ரோட்டில் இறங்கலாம்; டிஸ்கைக் குமிழிப் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப்போக வேண்டும், காலை நேர லோக்கல் நெரிசல் அதற்கு ஆகாது. போர்டு வேலைக்கு இந்தச் சாலை நல்ல இடம். மும்பைக் காற்றின் ஈரத்தில், போர்டின் அடிப்பக்கத்தில் ஹெட்டோடு தொடும் சிறு உலோகப் பட்டைகள் கறுத்துவிடுகின்றன. நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்றிப் போர்டைப் புரட்டி, பள்ளிக்கூட ரப்பரால் அந்தப் பட்டைகளை மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துத் திரும்ப மாட்டும்போது, செத்ததாகக் கருதப்பட்ட டிஸ்க் எழுந்துகொள்வது உண்டு.

போர்டையே மாற்றும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய தனி அளவீடுகள் பெரும்பாலும் போர்டிலுள்ள எட்டுக்கால் ரோம் சில்லில் இருக்கின்றன என்பதால், அதே மாடல் போர்டை வாங்கி மாட்டுவது மட்டும் போதாது, பழைய சில்லைப் பெயர்த்துப் புதியதில் ஒட்ட வேண்டும். ரோம் மாற்றுவீர்களா என்று கேட்டால் கடைக்காரரின் தகுதி அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். அங்கு திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவரிடம், தட்டிக்கொண்டிருந்த டிஸ்கை நீட்டி, "அண்ணாச்சி, ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்" என்று வாடிக்கையாளர் கேட்டதற்கு, அவர் காதருகே வைத்து மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டு, "போட்டுப் பாத்து அதோட போச்சுன்னா யாரு தம்பி பொறுப்பு? இது லேபுக்குப் போக வேண்டிய சரக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரரிடம் எதிர்பார்க்க வேண்டிய நேர்மை அதுதான். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, தானே லேபுக்கு அனுப்பி, நடுவில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது குற்றமல்ல, ஆனால் நாமே நேராகப் போயிருக்கலாம்.

மூன்றாவது, தூசி வடிகட்டிய சூழல் உள்ள மீட்பு லேப். ஹெட்டை மாற்ற அதே மாடலில், பெரும்பாலும் தயாரிப்புக் காலமும் நெருங்கிய இன்னொரு டிஸ்கை வாங்கி, அதன் ஹெட்டைப் பெயர்த்து மாட்டுகிறார்கள். அந்த டிஸ்கின் விலை, ஏஸ் லேபின் பி.சி.-3000 போன்ற கருவி, வேலை தெரிந்தவரின் நேரம் எல்லாம் சேர்ந்துதான் கட்டணம் பல்லாயிரத்தைத் தொடுகிறது. மென்பொருள் மீட்பு சில ஆயிரங்களில் முடியும்போது இது ஏன் இவ்வளவு என்று பேரம் பேசுவதில் பொருளில்லை. பேச வேண்டியது நிபந்தனைகளை: தகவல் வராவிட்டால் கட்டணம் இல்லை என்பதில் தானம் கொடுத்த டிஸ்கின் விலையும் அடங்குமா, பணம் கட்டுவதற்கு முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவார்களா, ஒப்புக்கொள்ளாவிட்டால் டிஸ்கைப் பழைய நிலையிலேயே திருப்பித் தருவார்களா. இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்கனவே யாராவது திறந்த டிஸ்க் என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நமக்கே நல்லது.

ஃபிரீசரில் வைத்தெடுக்கும் வைத்தியத்தை இன்னும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். மும்பையில் குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்த நிமிடமே அதன்மேல் நீர் கோத்துக்கொள்ளும். உள்ளேயும் அது நடந்தால் லேபுக்கும் வேலை இல்லாமல் போகும். மழைநீரில் மூழ்கிய டிஸ்குக்கும் சொந்த வைத்தியம் கூடாது. சாதாரண டிஸ்குகளில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வடிகட்டியுடன் ஒரு சிறு துளை உண்டு, தண்ணீர் அதன் வழியாக உள்ளே போயிருக்கும்; வெயிலில் காயவைத்தால் சேறும் உப்பும் தகட்டில் இறுகிவிடும். ஈரத்தோடு ஒரு பையில் மூடி லேபுக்குக் கொண்டுபோவதே முறை.

எந்த வழிக்கும் போகுமுன் பார்க்க வேண்டிய இன்னொன்று பூட்டு. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டைப் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று தேட வேண்டும். சாவி இல்லாமல் எந்த லேபும் அதைப் படிக்காது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் போன்ற பாக்கெட் டிஸ்குகள் பலவற்றில் யூ.எஸ்.பி. முனை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, தகவலும் அந்தப் போர்டின் வழியாகவே மறைகுறியாக்கப்படுகிறது. எனவே அந்தப் போர்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தகடுகளை மட்டும் கொண்டுபோகக் கூடாது.

பதிலுக்கு எதை வாங்குவது

மீட்பில் தகவல் இறங்குவதற்கு வாங்கும் டிஸ்கும், அதன்பின் அன்றாடம் வேலை செய்யப் போகும் டிஸ்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இறங்குவதற்குப் பழையதைவிடப் பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டும், 1 டி.பி. போனால் 2 டி.பி., ஏனென்றால் முழு நகலும் அதிலிருந்து தோண்டிய கோப்புகளும் ஒரே நேரத்தில் இருக்க இடம் தேவை. வேலை முடிந்தபின் அதுவே பேக்கப் டிஸ்க் ஆகிவிடும். கணினியை ஓட்ட, சுழலும் தகடு இல்லாமல் சில்லுகளில் தகவலை வைக்கும் எஸ்.எஸ்.டி. வாங்க வேண்டும். ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் வைத்துக்கொள்ள இன்று எந்த நியாயமும் இல்லை, சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. வரை கொடுக்கும், பழைய லேப்டாப்பின் சாட்டா-2 இணைப்பில் பாதியாகக் குறைந்தாலும் வித்தியாசம் கைமேல் தெரியும்.

எஸ்.எஸ்.டி. எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. சாம்சங் 870 ஈவோ 1 டி.பி.க்கு நிறுவனம் தரும் எழுத்து வரம்பு 600 டி.பி. நாளுக்கு 20 ஜி.பி. எழுதும் ஓர் அலுவலகக் கணினி அந்த வரம்பைத் தொட எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் உண்மையான குறை வேறு: போகும்போது சொல்லாமல் போகும், போனபின் மீட்பதும் கடினம். கட்டுப்பாட்டுச் சில்லு இறந்தால் டக் டக் என்ற எச்சரிக்கைகூட இருக்காது. தவறி அழித்த கோப்புகளின் இடத்தை டிரிம் கட்டளை உடனே காலி என்று அறிவித்துவிடுவதால், ஹார்ட் டிஸ்கில் பலித்த தோண்டல் இங்கே பெரும்பாலும் பலிக்காது. ஆகவே எஸ்.எஸ்.டி.க்கு மாறுகிறவர், பேக்கப் இல்லாமல் மாறினால், முன்பிருந்ததைவிட மோசமான இடத்தில் நிற்கிறார்.

எஸ்.எஸ்.டி.யைப் பேக்கப்பாக எழுதிப் பீரோவில் போட்டு வைப்பதும் நல்ல யோசனையல்ல. எழுத்து வரம்பை எட்டிய நுகர்வோர் எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும் என்பதுதான் சில்லுத் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். புதியது அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், மே மாத மும்பைப் பரணில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

பேக்கப்புக்கான ஹார்ட் டிஸ்கில் பார்க்க வேண்டியது, தகட்டில் எழுதும் முறை சி.எம்.ஆரா எஸ்.எம்.ஆரா என்பது. சி.எம்.ஆர். டிஸ்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆர். டிஸ்கில் தடங்கள் கூரை ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தி எழுத அடுத்தடுத்ததையும் எழுத வேண்டும். ஒரு முறை எழுதி வைக்க அது போதும், தொடர்ந்து எழுதினால் தவழும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில டிஸ்குகளில் இதைச் சொல்லாமல் புகுத்தியது வெளியாகிப் பெரும் எதிர்ப்பு கிளம்பியபின், சி.எம்.ஆர். டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் கொடுத்தது. சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வரிசை சி.எம்.ஆர்.தான். இவ்விரண்டுக்கும் மூன்றாண்டு வாரண்டி, பாராகுடா, டபிள்யூ.டி. புளூ போன்றவற்றுக்கு இரண்டு. சிறிய பாக்கெட் டிஸ்க் எடுத்துப்போக வசதிதான். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை எஸ்.எம்.ஆர்., போர்டும் மேலே சொன்னபடி சிக்கலானது. வீட்டை விட்டு நகராத பேக்கப்புக்கு 3.5 அங்குல டிஸ்கைத் தனியாக வாங்கி, அடாப்டர் உள்ள கேசிங்கில் போட்டுக்கொள்வதையே நான் தேர்ந்தெடுப்பேன். அந்த அடாப்டரின் ஒயரில் டிஸ்கின் பெயரை எழுதி ஒட்டிவிட வேண்டும்.

லாமிங்டன் ரோட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும், 'கடை வாரண்டி' மட்டும் உள்ள டிஸ்குகள் பழைய சர்வர்களிலிருந்தோ சி.சி.டி.வி. பெட்டிகளிலிருந்தோ கழற்றியவையாக இருக்கலாம். ஓடிய மணிநேரம் பூஜ்யம் என்று ஸ்மார்ட் காட்டினாலும் நம்ப முடியாது, அந்த எண்ணை அழிக்க முடியும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்குகள் பல ஆயிரம் மணிநேரம் ஓடியவை என்பது, ஸ்மார்ட்டைத் தவிர டிஸ்க் தனியே வைத்திருக்கும் ஃபார்ம் என்ற பதிவைப் படித்தபோதுதான் வெளிவந்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பிலுள்ள smartctl கருவியின் புதிய பதிப்பு அதைப் படிக்கும். ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கி, சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரண்டி தேதியைக் கடையிலேயே பார்த்துவிடுவது அதைவிட எளிது.

மேகச் சேமிப்பு குடும்பப் படங்களுக்கு நன்றாகப் பொருந்தும், ஸ்டுடியோவுக்கு அவ்வளவு இல்லை: 40 எம்.பி.பி.எஸ். பதிவேற்ற வேகத்தில் 1 டி.பி. ஏற ஐம்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒத்திசைவு ஃபோல்டரை மட்டும் நம்புவதும் ஆபத்து, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி இரண்டு டிஸ்கை ரெய்டில் இணைத்தாலும் இதே கதைதான். டேலி கடைக்காரருக்கு நான் சொல்வது, எஸ்.எஸ்.டி.யில் கணக்கு, 3.5 அங்குல டிஸ்கில் இரவுதோறும் நகல், வாரம் ஒரு நகல் ஆடிட்டருக்கு மின்னஞ்சலில். டேலி பேக்கப் கோப்பு பெரும்பாலும் அதற்கு அடங்கும் அளவுதான்.

வாரண்டி உள்ள டிஸ்க் போயிருந்தால் கடைசியாக ஒரு முடிவு மிஞ்சும். நிறுவனம் பழையதை வாங்கிக்கொண்டு மாற்று டிஸ்க் தரும், உள்ளே இருப்பதற்கு அது பொறுப்பேற்காது. பழைய டிஸ்க் திரும்பி வராது. மீட்பு முடிந்து, கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்யும் வரை அதைக் கொடுக்கக் கூடாது. போர்டையோ மூடியையோ வெளியில் கழற்றியிருந்தால் வாரண்டி ஏற்கப்படாமலும் போகலாம், ஆகவே வாரண்டி உள்ளதா என்று ரப்பர் வைத்தியத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். அந்த டிஸ்கில் வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் ஆதார் நகலும் பூட்டப்படாமல் இருந்தால், மாற்று டிஸ்கின் சில ஆயிரம் ரூபாயை விட்டுக்கொடுத்து, பழையதைத் துளையிட்டு மின்கழிவில் போடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.